வெளிமானுக்கு வெளி வேண்டும்: கிண்டிக் காட்டின் கதை

சென்னைக்காரர்களிடம் கிண்டி என்று சொன்னால் ராஜ்பவன், பாம்புப் பண்ணை, குதிரைப் பந்தயம் என்று வரிசையாகச் சொல்வார்கள். கடைசியில் யாராவது ஒருவர் "அங்க மான்கூட இருக்குமே" என்பார். அந்த மான்கள் இருக்கிற இடத்துக்குச் சட்டப்படி என்ன அந்தஸ்து என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கிண்டி ஒரு தேசியப் பூங்கா. காண்டாமிருகம் திரிகிற காசிரங்காவுக்கு என்ன அந்தஸ்தோ அதே அந்தஸ்து. காசிரங்கா தேசியப் பூங்காவான சமயத்தில் அதன் பரப்பு 430 சதுர கிலோமீட்டர். கிண்டி வெறும் 2.7 சதுர கிலோமீட்டர். ஏக்கரில் சொன்னால் 670-க்குள் அடங்கிவிடும்.

'பூங்கா' என்ற சொல்லும் குழப்பத்துக்கு ஒரு காரணம். பூங்கா என்றால் நமக்கு பெஞ்சு, புல்தரை, செயற்கை நீரூற்று. குழந்தைகளோடு போய் டிக்கெட் வாங்கி, கூண்டில் பறவைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் "கிண்டி நேஷனல் பார்க் பார்த்தாச்சு" என்று சொல்வார்கள். அவர்கள் பார்த்தது சிறுவர் பூங்காவை. தேசியப் பூங்கா அதற்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாது. அங்குள்ள நரிக்கும் முள்ளெலிக்கும் புனுகுப்பூனைக்கும் நட்சத்திர ஆமைக்கும் பார்வையாளர்கள் தேவையுமில்லை.

ஒரு கோடி பேருக்குப் பக்கமாக வாழும் நகரத்தின் நடுவில் இந்தத் துண்டு மட்டும் எப்படித் தப்பியது? தப்பிய துண்டில் எது தப்பவில்லை? முதல் கேள்விக்கு நிறைய பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதை அவ்வளவாகக் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கிண்டியின் வரலாறு புரியும் என்பது என் எண்ணம்.

கவர்னரின் கொல்லைப்புறம்

கிண்டியைப் பற்றி இரண்டு கதைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, இது மனிதன் கைபடாத ஆதிக்காடு. மற்றது, வெள்ளைக்காரன் வேட்டையாடுவதற்காக வளர்த்த தோட்டம். இரண்டிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது.

கோட்டையில் இருந்த கம்பெனி அதிகாரிகளுக்கு வெயிலும் கடற்கரைப் புழுக்கமும் தாங்கவில்லை. ஊருக்கு வெளியே பரங்கிமலைப் பக்கம் காற்றாட ஓர் இடம் தேடினார்கள். 1670-களில் சென்னையில் கவர்னராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன் காலத்தில் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்டமும் வீடும் அமைத்தார்கள். கிண்டி லாட்ஜ் என்று அதற்குப் பெயர். பிறகு அது கைமாறிக் கைமாறி, தனியார் ஒருவரிடம் இருந்த நிலத்தை 1821-இல் 35,000 ரூபாய்க்கு அரசாங்கம் வாங்கியது. அப்போது கவர்னர் சர் தாமஸ் மன்றோ. இன்றும் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

அன்றிலிருந்து கிண்டி கவர்னரின் கிராமத்து வீடு. நகரத்துக்குள் இருந்த அரசினர் மாளிகை அலுவலுக்கும் விருந்துக்கும். கோடை வந்தால் ஊட்டி. இடைப்பட்ட நாட்களில் ஓய்வுக்குக் கிண்டி. வீட்டைச் சுற்றியிருந்த காடு வேட்டைக்காடாக இருந்தது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் ஊர்க்காரர்கள் நினைத்தபடி நுழைய முடியாது. 1910-இல் ஏறத்தாழ 505 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கவர்னரின் நிரந்தர வசிப்பிடமே கிண்டிக்கு வந்துவிட்டது. கிண்டி லாட்ஜ் ராஜ்பவன் ஆனது.

ஆக, முந்நூறு ஆண்டுகளில் இந்தக் காட்டைக் காப்பாற்றியது இயற்கை மீதான பாசம் என்று சொல்ல முடியாது. அதிகாரத்தில் இருப்பவரின் வீட்டுக் கொல்லைப்புறம் என்பதால் யாரும் கைவைக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த வேளச்சேரி, தரமணி, அடையாறு எல்லாம் வயலும் ஏரியும் புதருமாகக் கிடந்தவைதான். அவற்றுக்குக் காவலுக்கு ஒரு கவர்னர் இல்லை. இன்று அவை என்ன ஆயின என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாம் நல்ல காரியத்துக்குத்தான்

கவர்னரின் கொல்லைப்புறம் என்பதால் தப்பிய காடு, அதே காரணத்தால் சுருங்கவும் செய்தது. அரசாங்கத்தின் கையிலேயே இருக்கும் நிலம். யாருக்கும் நஷ்டஈடு தர வேண்டாம். குடியிருப்பவர்களைக் காலி செய்ய வேண்டாம். ஓர் உத்தரவு போட்டால் போதும். நகரம் தென்பக்கமாக வளர்ந்தபோது இதைவிட வசதியான நிலம் வேறு எங்கே கிடைக்கும்?

கிண்டி வட்டாரத்தில் நிறுவனங்கள் வருவது முன்பே தொடங்கிவிட்டது. 1899-இல் கிங் இன்ஸ்டிட்யூட். 1920-இல் இன்ஜினியரிங் காலேஜ். சுதந்திரத்துக்குப் பிறகு வேகம் கூடியது. 1956-இல் காந்தி மண்டபம். 1958-இல் ஐஐடிக்காகக் காட்டின் பெரும்பகுதி மத்தியக் கல்வி அமைச்சகத்துக்குப் போனது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் ஐஐடி தொடங்கியது. அதன் வளாகம் சுமார் 250 ஹெக்டேர். இன்றைய தேசியப் பூங்காவோ 270 ஹெக்டேர். காட்டிலிருந்து பிரிந்துபோன பிள்ளை ஏறக்குறைய தாயின் உயரத்துக்கு நிற்கிறது.

அதே 1958-இல் பிரதமர் நேருவின் விருப்பத்தின்பேரில் இன்னொரு பகுதி மான் பூங்காவுக்கும் சிறுவர் பூங்காவுக்கும் என்று வனத்துறைக்குத் தரப்பட்டது. 1972-இல் ராமுலஸ் விட்டேகரின் பாம்புப் பண்ணை சேலையூரிலிருந்து கிண்டிக்கு இடம் மாறியது. 1972 டிசம்பரில் ராஜாஜி காலமானார். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி காமராஜர் காலமானார். இருவருக்கும் ராஜ்பவன் நிலத்தில் நினைவிடங்கள் வந்தன. 1961 முதல் 1977 வரையிலான காலத்தில் மட்டும் சுமார் 172 ஹெக்டேர் இப்படிக் கைமாறியது என்பது கணக்கு.

இந்தப் பட்டியலில் ஒரு வில்லன்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். சினிமா தியேட்டர் இல்லை, ரியல் எஸ்டேட் இல்லை, சாராய ஆலை இல்லை. உயர்கல்வி, காந்தி, காமராஜர், குழந்தைகள், பாம்புக் கல்வி. எதை வேண்டாம் என்று சொல்ல முடியும்? ஐஐடி வரக்கூடாது என்று 1958-இல் யாராவது எழுதியிருந்தால் அவரைப் பைத்தியக்காரர் என்றிருப்பார்கள். பாம்புப் பண்ணை வந்ததால்தான் ஒரு தலைமுறைச் சென்னைப் பிள்ளைகள் பாம்பைக் கண்டதும் கம்பை எடுக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். நகரத்தில் இருக்கும் காட்டுக்கு இதுதான் பெரிய சங்கடம். மலைக்காட்டை அழிப்பது திருட்டு வெட்டும் எஸ்டேட்டும். அவற்றைத் திட்டலாம். நகரத்துக் காட்டைக் கரைப்பது ஒவ்வொன்றாக வரும் நல்ல காரியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'பத்து ஏக்கர்தானே' என்று ஒரு நியாயம் இருக்கும்.

505 ஹெக்டேரில் பாதிக்குச் சற்று அதிகமாக மிச்சமிருந்தபோதுதான் கதை திரும்பியது. 1977-இல் காடு வனத்துறைக்கு மாற்றப்பட்டது. 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு தேசியப் பூங்காவின் எல்லையை மாற்ற வேண்டுமானால் அப்போது மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதுவரை ஒரு கோப்பும் ஒரு கையெழுத்தும் போதுமாக இருந்த வேலைக்கு, அதன் பிறகு சபையில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். பழைய வேகத்தில் துண்டுபோடுவது அத்தோடு நின்றது. காட்டைக் காப்பாற்றியதில் கவர்னரின் வாசலுக்கு அடுத்தபடியாக இந்த ஒரு விதியைத்தான் சொல்வேன்.

எது காடு?

கிண்டியை முதன்முதலில் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். வானுயர்ந்த மரம் இல்லை. இடுப்பு உயரத்துக்கும் தலை உயரத்துக்கும் முள்ளும் புதருமாக, நடுநடுவே பனையும் ஆலும் வேம்பும் நாவலும் விளாவும். "இதுவா காடு?" என்று கேட்பார்கள்.

இதுதான் நம் காடு. சோழமண்டலக் கரையோரத்துக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் பெருமழை. மீதி மாதங்களில் வெயில். அந்தத் தாளத்துக்குப் பழகிய காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் சொல்வார்கள். மரங்கள் குட்டையாக இருக்கும். இலைகள் தடித்துச் சின்னதாக இருக்கும். கோடையிலும் முழுவதாக இலை உதிர்க்காது. களா, காரை, கொஞ்சி, சூரை, காட்டு எலுமிச்சை எல்லாம் இந்தக் குடும்பத்துக் கூட்டாளிகள். ஆந்திரக் கடற்கரையிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் பரவியிருந்த இந்தக் காடு இன்று துண்டு துண்டாக மட்டும் மிச்சம். பெரும்பாலும் கோயில்காடாக, ஐயனாரின் பயத்தில் தப்பியவை. மரக்காணம் பக்கத்தில் இருக்கும் புத்துப்பட்டு கோயில்காடு நல்ல உதாரணம். அங்கே ஐயனார் செய்த வேலையைக் கிண்டியில் கவர்னர் செய்திருக்கிறார்!

கிண்டியில் 350-க்கும் மேற்பட்ட தாவர இனங்களும் 130-க்கு மேற்பட்ட பறவை இனங்களும் பதிவாகியிருக்கின்றன. காத்தான் கொல்லை, அப்பாலன் குளம் என்று நீர்நிலைகள் இருக்கின்றன. ஆனால் புதரும் குளமும் மட்டும் கிண்டி அல்ல. இன்னொரு முகமும் உண்டு. அது வெட்டவெளிப் புல்தரை. அதன் பெயர் போலோ மைதானம். பெயரே வரலாற்றைச் சொல்கிறதே! குதிரையோட்டத்துக்காகத் திறந்து வைத்திருந்த நிலம். காட்டுக்குள் அது ஓர் ஓட்டை மாதிரித் தெரியும். ஆனால் கிண்டியின் மிக அரிய குடிமகனுக்கு அந்த ஓட்டைதான் வீடு.

வெளிமான் என்ற பெயர்

கிண்டியில் இரண்டு வகை மான்கள். புள்ளிமான் ஒன்று, வெளிமான் ஒன்று. இரண்டையும் மான் என்றே சொல்கிறோம். உண்மையில் இவை வேறு வேறு குடும்பம். புள்ளிமானின் கொம்பு கிளைகிளையாக வளரும், விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமானுக்குக் கிளையில்லாத முறுக்குக் கொம்பு, ஆயுசுக்கும் அதேதான். அந்த வகையில் ஆடு மாடுகளுக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். திருகுமான், புல்வாய் என்றும் பெயர் உண்டு. சங்கப் பாடல்களில் முல்லை நிலத்தில் துணையோடு திரியும் இரலை இதுதான் என்பது பலர் ஏற்கும் கருத்து.

வெளிமான், புல்வாய். இந்த இரண்டு பெயரையும் நிறுத்திப் பாருங்கள். ஒன்றில் வெளி, இன்னொன்றில் புல். பெயர் வைத்தவன் அந்த விலங்கை நன்றாகக் கவனித்தவன். வெளிமான் புதருக்குள் ஒளியாது. கண்ணால் தூரத்தில் ஆபத்தைக் கண்டு, ஓடித் தப்பிப்பதுதான் அதன் வழி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் ஓட்டம். அந்த வேகத்துக்குக் காரணம் சிவிங்கிப்புலி என்பார்கள். துரத்தியவன் 1952-இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டான். ஓடியவன் இன்னும் ஓடுகிறான். கிடாய்கள் இனப்பெருக்கக் காலத்தில் ஆளுக்கு ஒரு திறந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, பெட்டைகள் பார்க்கும்படி நடைபோடும். அதற்கும் வெளிதான் வேண்டும். புதர் மண்டிய இடத்தில் யார் பார்ப்பது?

கிண்டிக்கு வெளிமான் எப்படி வந்தது என்பதில் ஒரு பழைய வழக்கு உண்டு. 1919 முதல் 1924 வரை கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு 1924-இல் கொண்டுவந்து விட்டார் என்று எழுதுகிறார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1948 முதல் 1952 வரை சென்னை கவர்னராக இருந்தவர் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி. அவர் வெள்ளை நிற வெளிமான்களைக் கொண்டுவந்தார் என்றும் ஒரு செய்தி. இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. குஜராத்தில் வெளிமானுக்கென்றே புகழ்பெற்ற வேளாவதர் புல்வெளி பாவ்நகர் சமஸ்தானத்துக்குச் சொந்தமாக இருந்ததுதான். புள்ளிமானைப் பற்றியும் இதே வழக்கு: 1900 வாக்கிலேயே இருந்தது என்று ஒரு கட்சி, 1945-க்குப் பிறகு விடப்பட்டது என்று ஒரு கட்சி.

இதைப் பிடித்துக்கொண்டு "கிண்டி மான் எல்லாம் வந்தேறி" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கோடியக்கரையில் இன்றும் வெளிமான் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாட்டிலும் இருக்கிறது. சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் திறந்த சமவெளி முழுக்க ஒரு காலத்தில் இதன் நிலம். ஒரு கவர்னர் சில மான்களை விட்டிருந்தாலும், அந்த இனம் ஏற்கெனவே பழகிய நாட்டில்தான் விட்டிருக்கிறார். வந்த வழி எதுவானாலும், கேட்க வேண்டிய கேள்வி வேறு. வந்ததற்கு இங்கே இடம் இருக்கிறதா?

குதிரை போனது, கருவேலம் வந்தது

போலோ மைதானத்தில் குதிரை ஓடிய வரைக்கும் புல் புல்லாகவே இருந்தது. மிதிபட்டும் வெட்டுப்பட்டும் மேயப்பட்டும் இருக்கிற புல்தரையில் புதர் தலையெடுக்காது. காட்டை 'காப்பாற்றி' வேலி போட்டு மூடிய பிறகு யாரும் எதையும் தொடுவதில்லை. தொடாத புல்தரை புதராகிறது. நம் மழைக்கும் மண்ணுக்கும் அது இயல்பு. அதோடு சீமைக் கருவேலமும் சேர்ந்துகொண்டது. 1870-களில் சென்னை மாகாண வனத்துறை வெளிநாட்டிலிருந்து விதை தருவித்து நட்ட மரம் அது. விறகுக்கு என்று வந்தது, விட்டேனா பார் என்று நின்றுவிட்டது. காயைத் தின்பது மான். விதையைச் சாணத்தோடு ஊரெல்லாம் தூவுவதும் அதே மான். தன் வீட்டைத் தானே அடைக்கும் வேலையை அதையே செய்ய வைத்துவிட்டது இந்த மரம்.

புதர் கூடினால் புள்ளிமானுக்குக் கவலையில்லை. அது புல்லும் தின்னும், தழையும் தின்னும், உதிர்ந்த பூவும் பழமும் தின்னும். நிழலில் நிற்கும், வெளியிலும் நிற்கும். வருஷம் முழுக்கக் குட்டி போடும். பெரிய வேட்டை விலங்கு எதுவும் கிண்டியில் இல்லை. நரி குட்டிகளைத்தான் பிடிக்கும். ஆக, ஒரே வேலிக்குள் எதற்கும் வளைந்து கொடுக்கும் ஒரு விலங்கும், ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமான ஒரு விலங்கும். போட்டியில் யார் ஜெயிப்பார்?

டி. ஆர். சங்கர் ராமன், ஆர். கே. ஜி. மேனன், ஆர். சுகுமார் மூவரும் கிண்டியின் புள்ளிமானையும் வெளிமானையும் சேர்த்து ஆராய்ந்து 1996-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே சூழலியலோடு பராமரிப்பும் இருந்தது. இவ்வளவு சின்ன இடத்தில் விலங்கைப் பற்றிப் பேசினால் பராமரிப்பைப் பற்றியும் பேசியே ஆகவேண்டும்.

இதற்கிடையில் சுவர் வந்தது. 1980-களின் இறுதியில் ராஜ்பவனுக்கும் ஐஐடிக்கும் பூங்காவுக்கும் நடுவே சுவர் எழுப்பப்பட்டது. அதுவரை மான்கள் மூன்று இடத்தையும் ஒரே இடமாகத்தான் பாவித்தன. நிறுவன எல்லை மானுக்கு எப்படித் தெரியும்? சுவருக்குப் பிறகு ஒரு மந்தை மூன்று மந்தை ஆனது. ஐஐடிக்குள் விளையாட்டுத் திடல் மாதிரியான திறந்த இடங்கள் வெளிமானுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் வளாகத்தில் தெருநாய்த் தொல்லையும் பிளாஸ்டிக்கும் உண்டு. சுற்றிலும் சர்தார் படேல் சாலை, வேளச்சேரி சாலை, வீடுகள். புதிய ரத்தம் உள்ளே வர வழியில்லை. எண்ணிக்கை குறைந்த ஒரு மந்தை தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கூடினால் என்ன ஆகும் என்று மாடு வளர்ப்பவரிடம் கேட்டாலே சொல்வார்.

பரத்பூர் சொல்லும் பாடம்

இது கிண்டிக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்க வேண்டாம். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தின் கதை இதற்கு அண்ணன் கதை. அதுவும் ஆட்சியாளரின் வேட்டைக்காடுதான். மகாராஜா அணை கட்டித் தண்ணீர் தேக்கி உருவாக்கிய சதுப்பு. 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பறவைகளைச் சுட்டார்கள் என்று அங்கே கல்வெட்டே இருக்கிறது. பிறகு அது தேசியப் பூங்காவானது. 1982-இல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். எருமை போனதும் நீர்ப்புல் தாறுமாறாக வளர்ந்து தண்ணீரை மூடியது. பறவைகளுக்குத் திறந்த நீர்ப்பரப்பு குறைந்தது. எருமையும் அந்தச் சதுப்பின் ஓர் உறுப்பாக இருந்திருக்கிறது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு சொன்னது.

நம் பக்கத்தில் கோடியக்கரையைப் பாருங்கள். 1967-இல் வெளிமானை முன்னிட்டு அறிவிக்கப்பட்ட சரணாலயம். அங்கும் புல்வெளியைச் சீமைக் கருவேலம் ஆக்கிரமிப்பதுதான் பல ஆண்டுகளாகப் பெரிய தலைவலி.

மனிதன் உண்டாக்கிய அல்லது மனிதன் திறந்து வைத்திருந்த நிலத்தில் ஒரு விலங்கு குடியேறிவிட்டது. பிறகு மனிதனை வெளியே அனுப்பி, கதவைப் பூட்டி, "இனி இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னோம். இயற்கை பார்த்துக்கொண்டது. ஆனால் நாம் நினைத்த மாதிரி இல்லை. பல நூறு சதுர கிலோமீட்டர் உள்ள காட்டில் ஓரிடம் புதரானால் இன்னோரிடம் தீயிலோ யானையாலோ வெளியாகும். மான் அங்கே நகர்ந்துகொள்ளும். 2.7 சதுர கிலோமீட்டரில் எங்கே நகரும்? அங்கே தீயும் யானையும் செய்ய வேண்டிய வேலையை ஆள்வைத்துச் செய்ய வேண்டும்.

மரம் வெட்டுவது பாவமா?

இங்கேதான் சிக்கல். நகரவாசிகளான நமக்குப் பசுமை என்றால் மரம். மரம் நடுவது புண்ணியம், வெட்டுவது பாவம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் ஊரையே மொட்டையடித்துவிட்டுப் போன பிறகு இந்த உணர்வு இன்னும் கூடியது. அதில் தவறு சொல்ல முடியாது, தெருவுக்கு நிழல் வேண்டும். ஆனால் அதே கண்ணோடு கிண்டிக்குள் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். அங்கே புல்தரையில் ஒரு கன்று நட்டால் வெளிமானின் வீட்டில் ஒரு செங்கல்லை உருவியதாக அர்த்தம். கருவேலத்தை வேரோடு பிடுங்கினால் ஒரு செங்கல்லைத் திருப்பி வைத்ததாக அர்த்தம். "தேசியப் பூங்காவில் மரம் வெட்டுகிறார்கள்" என்று செய்தி வந்தால் உடனே கொதிக்காமல், என்ன மரம், எந்த இடத்தில் என்று கேட்கப் பழக வேண்டும்.

நல்ல காரியங்களின் வரிசையும் முடிந்துவிடவில்லை. 2024-இல் சிறுவர் பூங்கா புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பக்கத்துப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர் குத்தகையை அரசு ரத்து செய்தது. பூங்கா, வெள்ளநீர் தேக்கும் குளங்கள் என்று திட்டங்கள் பேசப்படுகின்றன. வேளச்சேரி ஒவ்வொரு மழைக்கும் படும் பாட்டைப் பார்த்தால் குளம் வெட்டுவதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. கிண்டிக் காட்டை ஒட்டி இவ்வளவு பெரிய திறந்த புல்வெளி இனி மிச்சமில்லை. அதை அலங்காரச் செடியும் சிமெண்ட் நடைபாதையுமாக நிரப்புவதா, ஒரு பகுதியையாவது புல்லாகவே விடுவதா என்பது தோட்டக்கலை சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் இல்லை.

முதலில் கேட்ட இரண்டு கேள்விக்கு வருகிறேன். கிண்டி எப்படித் தப்பியது? ஒரு வாசலாலும் ஒரு சட்ட விதியாலும். எது தப்பவில்லை? வெளி. நிலத்தின் எல்லையைக் காப்பாற்றினோம், அதன் தன்மையைக் காப்பாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. எல்லையைக் காக்கச் சுவரும் சட்டமும் போதும், ஒருமுறை செய்தால் நிற்கும். தன்மையைக் காக்க வருஷாவருஷம் ஆள் வேண்டும், பணம் வேண்டும், எந்தச் செடியைப் பிடுங்குவது எதை விடுவது என்று தெரிந்த கண் வேண்டும். வயலுக்குக் களையெடுப்பது மாதிரி, ஒரு போகம் விட்டுவிட்டால் அடுத்த போகத்தில் இரட்டை வேலை.

கிண்டியில் புள்ளிமான் இருக்கும் வரை "மான் இருக்கே" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்போம். வெளிமான் ஒவ்வொன்றாகக் குறைந்து ஒருநாள் இல்லாமல் போனாலும் பார்க்கப் போகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. காடு பச்சையாகத்தான் இருக்கும். முன்னைவிட அதிகப் பச்சையாகக்கூட இருக்கும். எண்ணிக்கையைக் கேட்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இப்போதைக்கு நம்மால் செய்ய முடிகிற சின்ன வேலை அது.